ஸ்காட்லாந்துப் பள்ளித் தேர்வு நிலைகள்: புதிதாக வரும் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

என் மகள் எஸ்3, அதாவது உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு, படிக்கும்போது ஒரு மாலையில் பாடத்தேர்வுப் படிவத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கட்டத்துக்கு ஒரு பாடம், பக்கத்தில் 'நேஷனல் 4/5' என்று அச்சடித்திருந்தது. நானும் என் மனைவியும் கேட்ட முதல் கேள்வி, இங்கே குடிவரும் தமிழ்ப் பெற்றோர் பலரும் கேட்பதுதான்: "இதில் எது பத்தாம் வகுப்பு, எது பிளஸ் டூ?"

அதற்கு நேரான விடை கிடையாது. நம் ஊரில் வகுப்பும் தேர்வும் ஒட்டியே வரும். ஸ்காட்லாந்தில் வகுப்பு வேறு, நிலை வேறு. ஒரே பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று பாடங்களை மூன்று நிலைகளில் படிக்கலாம். இது மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் பிடிபடும்.

படி 1: வகுப்பை அறியுங்கள்

தொடக்கப் பள்ளி பி1 முதல் பி7 வரை. உயர்நிலைப் பள்ளி எஸ்1 முதல் எஸ்6 வரை. எஸ்1இல் சேரும்போது பிள்ளைக்குப் 11 அல்லது 12 வயது. முதல் மூன்று ஆண்டுகளில் பொதுத்தேர்வு இல்லை. சான்றிதழுக்கான படிப்பு எஸ்4, எஸ்5, எஸ்6 ஆகிய மூன்று ஆண்டுகளில் நடக்கிறது. 16 வயதை ஒட்டிப் பள்ளியை விட்டு விலகச் சட்டம் இடமளிப்பதால், எல்லோரும் எஸ்6 வரை இருப்பதில்லை.

படி 2: ஏணியைப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் எல்லாக் கல்வித் தகுதிகளையும் எஸ்.சி.க்யூ.எஃப். என்ற 12 படி ஏணியில் அடுக்கியிருக்கிறார்கள். நேஷனல் 1 முதல் நேஷனல் 5 வரை பெயரில் உள்ள எண்ணே படியின் எண். ஹையர் 6ஆம் படி, அட்வான்ஸ்டு ஹையர் 7ஆம் படி. ஆனர்ஸ் பட்டம் 10, முதுகலை 11, முனைவர் பட்டம் 12.

படியோடு கிரெடிட் புள்ளி என்ற இன்னொரு எண்ணும் வரும். ஒரு புள்ளி என்றால் ஏறக்குறைய 10 மணி நேரப் படிப்பு. நேஷனல் 5க்கு 24 புள்ளி, ஹையருக்கும் அதே 24. ஆக, புள்ளி படிப்பின் அளவைச் சொல்கிறது, படி அதன் கடினத்தைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 3: நேஷனல் 4க்கும் 5க்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

பெற்றோர் அதிகம் கலங்குவது இங்கேதான். எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் மதிப்பிடும் முறையே வேறு.

நேஷனல் 4 வரை வெளித்தேர்வு கிடையாது. பள்ளி ஆசிரியரே அலகு அலகாக மதிப்பிடுகிறார். பெரும்பாலான நேஷனல் 4 பாடங்களில் கடைசியாக, கற்றதைத் திரட்டிக் காட்டும் ஓர் அலகும் உண்டு. முடிவு தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை; ஏ, பி போன்ற தரம் இல்லை.

நேஷனல் 5, எங்கள் வீட்டுப் பேச்சில் 'நாட் ஃபைவ்', வெளித்தேர்வு உள்ள நிலை. கணிதத்தில் இரண்டு தாள்கள், முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது. ஏ முதல் டி வரை தரம் உண்டு. ஏ தரத்துக்குச் சுமார் 70 விழுக்காடு, சி தரத்துக்குச் சுமார் 50 என்று கொள்ளலாம். ஆனால் வினாத்தாள் எவ்வளவு கடினமாக அமைந்தது என்பதைப் பார்த்து இந்த எல்லையை ஆண்டுதோறும் நகர்த்துவார்கள். பல பாடங்களில் பள்ளியிலேயே செய்யும் பணிக்கும் மதிப்பெண் உண்டு.

பல பள்ளிகளில் நேஷனல் 4, 5 இரண்டையும் ஒரே வகுப்பறையில் நடத்துகிறார்கள். யார் எந்த நிலைக்கு என்பது 'ப்ரீலிம்' என்னும் மாதிரித் தேர்வுக்குப் பிறகு உறுதியாகும். என் மகளின் பிரெஞ்சு ப்ரீலிம் தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் பகுதியில் பாதிக் கோடுகள் வெறுமையாகக் கிடந்தன. அடுத்த வாரமே பள்ளி அவளை நேஷனல் 4க்கு மாற்றியது. மாற்றியதை நாங்கள் அறிந்தது அவள் வாய்மொழியாக, அதுவும் பத்து நாள் கழித்து. அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு. அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ப்ரீலிம் முடிந்ததும் காத்திருக்காதீர்கள். பிள்ளையின் படிப்பையும் நலனையும் கவனிக்கும் கைடன்ஸ் ஆசிரியருக்கு எழுதி, ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையை எந்த நிலைக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

நேஷனல் 4 தோல்வி அல்ல. அது ஏணியில் ஒரு படி. அடுத்த ஆண்டே அதே பாடத்தை நேஷனல் 5இல் எடுக்கலாம். இதைப் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

படி 4: ஹையரை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்

1888இல் தொடங்கிய பெயர் இது. ஓ கிரேடு என்ற பழைய தேர்வு வந்தது, போனது. ஸ்டாண்டர்டு கிரேடு வந்தது, அதுவும் போய் நேஷனல் தேர்வுகள் 2014இல் நடப்புக்கு வந்தன. ஹையர் மட்டும் பெயர் மாறாமல் நிற்கிறது. ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் வாசல் திறப்பது இதனால்தான்.

வழக்கமாக எஸ்5இல் ஐந்து பாடங்கள் வரை ஹையர் எடுப்பார்கள். கோடை விடுமுறை, சிறு விடுமுறைகள், ப்ரீலிம் எல்லாம் போக, கையில் கிடைப்பது ஓர் ஆண்டுக்கும் குறைவு. நேஷனல் 5இல் ஏ வாங்கிய பிள்ளைகூட முதல் சில வாரங்களில் திணறுவது இயல்பு. அந்தப் பாடத்தில் நேஷனல் 5இல் ஏ அல்லது பி வேண்டும் என்று பள்ளிகள் கேட்பதுண்டு. அதையே படிக்காமல் நேராக ஹையருக்குத் தாவுவதைக் 'கிராஷ் ஹையர்' என்பார்கள். மாடர்ன் ஸ்டடீஸ் (இன்றைய அரசியல், சமூகம் பற்றியது) போன்ற பாடங்களில் இது நடக்கும். கணிதத்தில் இதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

சேர்க்கையில் பல்கலைக்கழகங்கள் 'ஏஏபிபி' என்பதுபோல் எழுத்துகளில் கேட்கின்றன. டி தரமும் சான்றிதழில் வரும், ஆனால் சேர்க்கைக்குப் பெரும்பாலும் ஏ முதல் சி வரைதான் கணக்கு. மருத்துவம் போன்ற போட்டி மிகுந்த படிப்புகளுக்கு, எல்லா ஹையர்களையும் ஒரே ஆண்டில் எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வரலாம். எஸ்5 பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே விரும்பும் படிப்பின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 5: எஸ்6இல் என்ன செய்வது?

ஹையர் போதுமான அளவில் கைவந்துவிட்டால் எஸ்5 முடிந்ததுமே பல்கலைக்கழகம் போகலாம். இங்கே ஆனர்ஸ் பட்டம் நான்கு ஆண்டுகள், இங்கிலாந்தில் பெரும்பாலும் மூன்று. ஹையரோடு நுழையும் மாணவருக்கு அந்த முதல் ஆண்டு பாலமாக உதவுகிறது. ஆனாலும் பலர் எஸ்6 வரை தங்கி, விட்டுப்போன ஹையரைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அல்லது அட்வான்ஸ்டு ஹையர் எடுக்கிறார்கள். அதற்கு 32 புள்ளி. பல பாடங்களில் மாணவரே தலைப்பைத் தேர்ந்து நீண்ட ஆய்வொன்றைச் செய்து எழுத வேண்டும். தேர்வுக்கு மனப்பாடம் செய்து பழகிய நம் பிள்ளைகளுக்கு இது அருமையான பயிற்சி என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு, பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளிக் கணக்கு: ஹையர் ஏ 33 புள்ளி, அட்வான்ஸ்டு ஹையர் ஏ 56. இங்கிலாந்துப் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலின் மிக உயர்ந்த தரம் ஏ ஸ்டாருக்கும் அதே 56தான்.

வேலை சார்ந்த வழி வேண்டுவோருக்கு 6ஆம் படியில் ஃபவுண்டேஷன் அப்ரென்டிஸ்ஷிப் உண்டு. ஹையர் நிற்கும் அதே படி.

படி 6: பழைய சான்றிதழைப் படிக்க

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது உதவும். ஸ்டாண்டர்டு கிரேடில் கிரெடிட் நிலை (மேலே சொன்ன கிரெடிட் புள்ளி அல்ல) என்றால் 5ஆம் படி, ஜெனரல் 4, ஃபவுண்டேஷன் 3. இன்னொரு பழைய தேர்வான இன்டர்மீடியட் 2 என்பது 5ஆம் படி, இன்டர்மீடியட் 1 என்பது 4.

படி 7: ஆகஸ்ட் மாதம்

ஆகஸ்ட் தொடக்கத்தில் முடிவுகள் வரும். முன்பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தியாகவும் வரும், சான்றிதழ் எல்லோருக்கும் அஞ்சலில் வரும். மேல்முறையீடு செய்யலாம், தரம் ஏறலாம், அப்படியே நிற்கலாம், இறங்கவும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

என் மகளுக்கு எஸ்5 முடிவு வந்த அன்று நான்கு ஹையர்களின் தரத்தை உரக்கப் படித்தோம். அவள் விரல் மட்டும் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது: பிரெஞ்சு, நேஷனல் 5, பி.