மருத்துவம் படிக்கலாமா என்று தயங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

"டாக்டராக ஆசையா?" என்று உங்களையே எத்தனை முறை கேட்டாலும் குழப்பம் தீராது. ஆசைப்படுவது சுலபம். ஒரு டாக்டரின் சாதாரண செவ்வாய்க்கிழமையை ஆண்டுக்கணக்கில் ஓட்ட முடியுமா என்று கேளுங்கள். தவறான முடிவுகளில் பெரும்பாலானவை அந்த நாளைப் பார்க்காமலே எடுக்கப்பட்டவை.

பார்க்கப் போகிறவர்களும் ஆபரேஷன் தியேட்டரை எட்டிப்பார்த்துவிட்டு, சிலிர்த்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். அதில் தெரிவது வேலையின் ஒரு துண்டுதான். மருத்துவமனையின் அனுமதியோடும் நோயாளிகளின் சம்மதத்தோடும், ஓபியில் ஒரு முழு நாள், காலை ரவுண்ட்ஸ் தொடங்கி கேஸ் ஷீட் எழுதி முடியும்வரை வார்டில் ஒரு நாள், முடிந்தால் ஓர் இரவு டியூட்டி என்று உடன் இருங்கள். பெரிய டாக்டரை விட்டுவிட்டு, பயிற்சி டாக்டரைக் கவனியுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவர் என்ன செய்கிறார் என்று நோட்டில் ஒரு வரி: நோயாளியிடம் பேச்சு, எழுத்து வேலை, லேப் ரிப்போர்ட்டுக்கு போன், காத்திருப்பு. அமெரிக்க டாக்டர்களைப் பற்றி 2016-ல் வந்த ஓர் ஆய்வில், நோயாளியோடு செலவான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினிப் பதிவும் மேசை வேலையுமாக ஏறக்குறைய 2 மணி நேரம் போனது தெரிந்தது. உங்கள் நோட்டிலும் எழுத்து வேலைதான் நிறைந்திருக்கும். அதைப் பார்த்த பிறகும் அந்த இடத்தில் உட்காரத் தோன்றுகிறதா?

பள்ளி உயிரியல் மதிப்பெண்ணை நம்புவது இன்னொரு பிழை. ஒரு சின்னச் சோதனை: தோள்பட்டை நரம்புப் பின்னலின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்திலிருந்து வரும் சி5 (கழுத்து) முதல் டி1 (மேல் நெஞ்சு) வரை 5 வேர்கள், 3 தண்டுகள், 6 பிரிவுகள், 3 வடங்கள், முடிவில் 5 பெரிய நரம்புகள். பார்க்காமல் வரையும்வரை படித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி வரையுங்கள். மறந்துதான் போயிருக்கும், எல்லோருக்கும் மறக்கும். திரும்ப உட்காரும்போது எரிச்சல் மட்டும் வருகிறதா, அல்லது அதில் ரேடியல் நரம்பு அடிபட்டால் மணிக்கட்டு ஏன் தொங்கிவிடுகிறது என்று தேடத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள். முதலாண்டு முழுக்க இதே கதைதான்.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது என்பதற்காகவே ஒதுங்குபவர்கள் அவசரப்படுகிறார்கள். அது ரத்த அழுத்தம் திடீரென இறங்குவதால் வருவது. பயிற்சியில் பெரும்பாலும் கட்டுப்படும். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும்வரை 10–15 நொடி இறுக்கி, 20–30 நொடி தளர்த்தி, 5 முறை செய்ய வேண்டும். முதலில் வீட்டில் உட்கார்ந்தபடி பழகுங்கள். அடிக்கடி மயங்கி விழுந்தால் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

நோயாளிகளிடம் பேசவே பிடிக்காதவர்கள் "நோய்க்குறியியல் எடுத்துக்கொள்கிறேன்" (லேபில் திசு, ரத்த மாதிரிகளைப் பார்த்து நோயைக் கண்டறியும் துறை) என்று சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. அந்தத் துறைக்குப் போவதற்கு முன் வார்டு, பிரசவ அறை, அவசரப் பிரிவு எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும்.

பட்டப்படிப்பு ஆண்டுகளை மட்டும் எண்ணுவதும் தப்புக்கணக்கே. பள்ளி முடித்து நேராகச் சேரும் நாடுகளில் பெரும்பாலும் 5, 6 ஆண்டு. அமெரிக்காவில் வேறொரு பட்டம் முடித்த பின் 4 ஆண்டு. அதற்கு மேல் பொது மருத்துவப் பயிற்சிக்கு 3, மூளை நரம்பு அறுவைக்கு 7. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே உங்கள் வயதையும், அப்போது கையில் வருமானம் இருக்குமா என்பதையும் எழுதிப் பாருங்கள்.

"சேர்ந்து பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்" என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. முதல் பருவத்தில் விடுவது எளிது; மூன்றாம் ஆண்டில் கட்டிய பணமும் போன வயதும் காலைக் கட்டிவிடும். சேர்வதானால், எந்த மாதத்துக்குள், எதை வைத்து முடிவெடுப்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

யோசனை கேட்பதும் 30 ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் மட்டும் வேண்டாம். கடைசி ஆண்டு மாணவர், பயிற்சி டாக்டர், பாதியில் விலகியவர், பிசியோதெரபிஸ்ட் அல்லது நர்ஸ் என நான்கு பேரைப் பிடியுங்கள். "படிக்கலாமா?" என்று கேட்டால் அறிவுரைதான் கிடைக்கும். "நேற்று காலையிலிருந்து தூங்கப் போகும்வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள்.