இரு ஆய்வகங்களின் அளவீடுகளை ஒப்பிடுவது எப்படி? ஈஎன் எண் கணக்கிடும் முறை

ஒரே எடைக்கல்லை இரண்டு ஆய்வகங்கள் நிறுத்தால் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகாது. போக வேண்டியதும் இல்லை. வந்த வேறுபாடு, இருவரும் அறிவித்த நிச்சயமின்மைக்குள் (அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற வரம்புக்குள்) அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லும் எண்தான் ஈஎன் (En). தராசின் அளவுத்திருத்தமும் நிச்சயமின்மைக் கணக்கும் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில், மேற்கோள் ஆய்வகம், அதாவது ஒப்பீட்டுக்கு அடிப்படையான மதிப்பைத் தரும் ஆய்வகம், கல்லை அளந்து அனுப்பட்டும். நீங்கள் அளந்து திருப்பி அனுப்பியதும் அவர்கள் மறுபடி அளக்க வேண்டும். இந்த இரண்டாம் அளவீட்டைச் செலவு கருதி விட்டுவிடாதீர்கள். வழியில் கல்லில் கீறல் விழுந்திருந்தால் வேறு எப்படித் தெரியும்?

அடுத்து, அன்றாடம் செய்யும் முறையிலேயே அளந்து, மேற்கோள் மதிப்பைப் பார்க்கும் முன்பே முடிவை அனுப்பிவிடுங்கள்.

இனி கணக்கு. மேற்கோள் மதிப்பு 100.00012 கிராம், அதன் நிச்சயமின்மை 0.06 மில்லிகிராம். உங்கள் மதிப்பு 100.00019 கிராம், நிச்சயமின்மை 0.08 மில்லிகிராம். வேறுபாடு 0.07 மில்லிகிராம். இரு நிச்சயமின்மைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.10 மில்லிகிராம். வேறுபாட்டை அதனால் வகுத்தால் ஈஎன் 0.7. குறியை விட்டுப் பார்க்கையில் 1-ஐத் தாண்டாததால் முடிவு ஏற்கத்தக்கது.

பலரும் இடறுவது இங்கேதான். சூத்திரம் கேட்பது விரிவாக்கப்பட்ட நிச்சயமின்மை, அதாவது திட்ட நிச்சயமின்மையை ‘கே’ என்ற காரணியால் பெருக்கி வருவது. சான்றிதழில் பெரும்பாலும் அதுவே இருக்கும்; அருகில் ‘கே = 2’ என்று போட்டிருப்பார்கள். உங்கள் கணக்குத்தாளின் கடைசி வரிக்கு முந்தைய வரியில் இருப்பதோ திட்ட நிச்சயமின்மை, அதாவது அதில் பாதி. இரு பக்கமும் பாதியை இட்டால் இதே முடிவு 1.4 ஆகி, நல்ல அளவீடு தேறாமல் போகும். ஒரு பக்கம் மட்டும் மாறினால் இன்னும் மோசம். விடை நம்பும்படியாகவே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எண்ணை இடும் முன் ‘கே’ மதிப்பைப் படியுங்கள்.

இதற்கெனத் தனி மென்பொருள் வாங்காதீர்கள். சாதாரண விரிதாள் போதும். ஒவ்வொரு கட்டத்தையும் திறந்து சரிபார்க்கலாம்.

ஈஎன் மிகச் சிறியதாக வந்தாலும் மகிழ்ந்துவிட வேண்டாம். நிச்சயமின்மையை 0.5 மில்லிகிராம் என்று ஊதிப் பெருக்கியிருந்தால் மோசமான அளவீடும் தேறிவிடும்.

பிற்சேர்க்கை: மேற்கோள் ஆய்வகம் இல்லாமல் இருவர் மட்டும் ஒப்பிடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஒப்பிடலாம். ஆனால் இருவரின் அளவீடும் ஒரே திசையில் தவறியிருந்தாலும் ஈஎன் அழகாகவே வரும். எனவே, இருவரும் தராசைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் படித்தர எடைகளும் எந்தச் சான்றிதழ்கள் வழியாகத் தேசிய அளவியல் நிறுவனம் வரை போகின்றன என்பதை முதலில் எழுதிப் பாருங்கள்.