கலர் நெகட்டிவ் பிலிமில் பட்டாம்பூச்சி: முதல் ரோல் போடுபவர்களுக்கு

பட்டாம்பூச்சியை பிலிமில் எடுக்க வேண்டும் என்றதும் எந்த கேமரா வாங்கலாம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய, லைட் மீட்டர் வேலை செய்கிற பழைய எஸ்.எல்.ஆர். எதுவானாலும் போதும். பென்டாக்ஸ் கே1000 தாராளம். கவனம் வைக்க வேண்டியது வெளிச்சத்தில்தான். ஸ்டாப் என்பது வெளிச்சத்தை அளக்கும் கணக்கு; ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைந்தால் பாதி. கலர் நெகட்டிவ் பிலிம் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தைச் சாதாரணமாகத் தாங்கும். ஒரு ஸ்டாப் குறைந்தாலோ, நிழல் பகுதியெல்லாம் சேறு பூசியது போல ஆகிவிடும். டிஜிட்டலில் பழகிய கைக்கு இது நேர் எதிரான பாடம்.

பிலிமும் லென்ஸும்

400 ஐ.எஸ்.ஓ. பிலிம் வாங்குங்கள். இந்த எண் கூடினால் குறைந்த வெளிச்சமே பிலிமுக்குப் போதும். 100, 200 பிலிம்களில், படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள் (கிரெய்ன்) குறைவுதான். ஆனால் ஆரம்பத்தில் ஷட்டர் வேகத்துக்குத் திண்டாட வேண்டியிருக்கும். பிலிமை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்து டப்பாவைத் திறங்கள். இல்லையென்றால் பிலிமில் ஈரம் கோத்துவிடும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் ரோலை விட்டுவிட்டுப் போகவே கூடாது.

மிக அருகில் ஃபோகஸ் ஆகும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் 135 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) ஒன்றைப் போடுங்கள். அரை மீட்டருக்கு மேல் தள்ளி நின்றே எடுக்கலாம். 50 மி.மீ. லென்ஸில் டியூப் போட்டால் பூச்சியின் முகத்தருகே போக வேண்டும். அதற்குள் அது பறந்துவிடும்.

எங்கே, எப்போது

காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆரம்பத்தில் அதெல்லாம் தேவையில்லை. வாய்க்கால் மேடு, குளக்கரை, காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டின் (மேய்ச்சல் நிலத்தின்) கிளுவை வேலி ஓரம், வீட்டுக் கறிவேப்பிலை, எலுமிச்சை போதும். புரட்டாசி, ஐப்பசியில் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்கிற பட்டாம்பூச்சிகள் மேற்கு மலையைப் பார்த்துக் கூட்டங்கூட்டமாகப் போகும். அப்போது கோவைப் பக்கம் எங்கே நின்றாலும் கண்ணில் படும்.

பூவுக்குப் பூ தாவுகிற பட்டாம்பூச்சியைத் துரத்தினால் ரோல்தான் காலியாகும். கிலுகிலுப்பைச் செடியைத் தேடுங்கள். நீல வரியன், வெந்தய வரியன் ஆண்கள் அதன் வாடிய தண்டிலும் இலையிலும் உறிஞ்சுகுழலை ஊன்றி ஒரு வேதிப்பொருளை எடுத்துக்கொள்ளும். பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. அந்த வேலையில் இறங்கிவிட்டால் அவ்வளவு சீக்கிரம் எழுந்து போகாது. புதிதாக எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் நான் சொல்ல மாட்டேன்.

நேரம், காலை ஏழரையிலிருந்து ஒன்பது. உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும் என்பதால் இறக்கையை விரித்து வெயில் காயும்.

வெளிச்சம் அளப்பது

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். 400 பிலிம் போட்டிருந்தாலும் கேமராவின் ஐ.எஸ்.ஓ. டயலை 200இல் வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்துவிடும். லேபில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கம்போல, கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் கழுவினால் போதும்.

மீட்டரைப் பூச்சியின் மீது காட்டாதீர்கள். வெள்ளைப் பூச்சி என்றால் மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துச் சொல்லும். அதே வெயிலில் இருக்கும் பச்சைப் புல்லை அளந்து, அந்த அளவை அப்படியே வையுங்கள். டியூப் மாட்டியபடி, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பாமல் அளக்க வேண்டும். டியூப் முக்கால் ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும்; லென்ஸ் வழியாக அளக்கும் மீட்டர் அதையும் சேர்த்தே கணக்குச் சொல்லிவிடும். காலை வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப்/8, ஷட்டர் 1/250 நொடிக்குப் பக்கத்தில் வரும்.

நீல வரியனில் இதன் பலனைப் பார்க்கலாம். அதன் கருப்பு மார்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். வெளிச்சம் குறைந்த நெகட்டிவில் புள்ளிகள் மட்டும் மிஞ்சும், மற்றதெல்லாம் ஒரே கருப்பு. தாராளமாக வெளிச்சம் கொடுத்த நெகட்டிவில் புள்ளிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய ரோமம்கூடத் தெரியும்.

நெருங்கி எடுப்பது

உங்கள் நிழல் பூச்சி மேல் விழக்கூடாது. குனிந்து, நின்று நின்று போங்கள். இந்த நெருக்கத்தில் எஃப்/8இல் சுமார் 7 மி.மீ. ஆழம்தான் தெளிவாக விழும். அதனால் விரித்த இறக்கை என்றால் மேலிருந்தும், மடித்த இறக்கை என்றால் நேர் பக்கவாட்டிலிருந்தும், கேமராவின் முதுகும் இறக்கையும் ஒரே போக்கில் இருக்கும்படி நில்லுங்கள். வளையத்தைத் திருப்பிக்கொண்டிருக்காமல் உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிவாகும் நொடியில் அழுத்துங்கள். காற்றடித்தால் காத்திருங்கள். ரோலில் 36 படம்தான், ஒரே பூச்சிக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம்.

அப்புறம், ஒரு படத்தில் அதே வெயிலில் பிடித்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வையுங்கள். நெகட்டிவின் ஆரஞ்சு சாயத்தை நீக்கி நிறம் கொண்டுவருவது ஸ்கேன் செய்பவர் கையில் இருக்கிறது. படம் முழுக்கப் பச்சை இலையாக இருந்தால் தானியங்கித் திருத்தம் குழம்பி, இறக்கையின் நீலத்தை ஊதாவாக்கிவிடும். ரோலைக் கொடுக்கும்போதே, தாள் உள்ள படத்தை வைத்து நிறம் சரிசெய்து, மற்ற படங்களுக்கும் அதே அளவைப் போடச் சொல்லுங்கள். எடுத்து முடித்த ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.