எனக்கு மட்டும்தான் தெரியும்: சாஃப்ட்வேர் வேலையும் வீடும்

போன மாதம் எங்கள் டீமில் ஒரு தம்பி இரண்டு நாள் லீவ் கேட்டு மெயில் போட்டிருந்தான். மனைவிக்கு ஏழாம் மாதம், தஞ்சாவூரில் வளைகாப்பு. கடைசி வரியில் இப்படி: "லேப்டாப் எடுத்துப் போகிறேன். அந்த மாடுலில் ஏதாவது என்றால் கூப்பிடுங்கள், எனக்கு மட்டும்தான் தெரியும்." படித்ததும் சுருக்கென்றது. அதில் இருந்த பெருமை எனக்குப் பழக்கமானது. பதினோரு வருடத்துக்கு முன் கிட்டத்தட்ட இதே வரியை எழுதியவன் நான்.

சீக்கிரம் தூங்குங்கள், நடைப்பயிற்சி போங்கள், சாப்பிடும்போது போனைத் தள்ளி வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தவறு என்றே தெரியாமல், சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்கிற சிலவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வேலைக்கு ஒரே ஆளாக இருப்பது

அப்போது நான் ஒரு நியூயார்க் கிளையன்ட்டின் பில்லிங் வேலையில் இருந்தேன். மாதக் கடைசி இரவு 11 மணிக்கு ஒரு ஜாப், அதாவது தானாக ஓடும் புரோகிராம், ஓடும். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் இன்வாய்ஸ் போடும். அங்கே இரவு 11 என்றால் கோடையில் நமக்கு மறுநாள் காலை 8:30. ஆக ஒவ்வொரு ஒன்றாம் தேதி காலையும் என்னுடையது இல்லை.

அந்த ஜாப்பில் ஒரு கோளாறு. ஏதாவது ஒரு வாடிக்கையாளரின் வரிக் குறியீடு காலியாக இருந்தால் போதும், பாதியில் படுத்துவிடும். சரி, மறுபடி ஓட்டலாம் என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஏற்கெனவே இன்வாய்ஸ் போனவர்களுக்கு இன்னொன்றும் போகும். அதனால் நான் உள்ளே போய், எந்த ரெக்கார்டில் நின்றது என்று பார்த்து, அதைச் சரிசெய்து, டேட்டாபேஸில் ஒரு டேபிளில் மிச்சமிருப்பவர்களை மட்டும் குறித்துவிட்டு, மறுபடி ஓட்டுவேன். இருபது நிமிட வேலை. மூன்று வருடம் செய்தேன். எங்கும் எழுதி வைக்கவில்லை. கேட்டால், "அது கொஞ்சம் சிக்கலானது, நானே பார்த்துக்கிறேன்" என்பேன்.

மகளுக்குக் காதுகுத்து. அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். ஆவணியில் நாள் பார்த்துக் கொடுத்தார்கள், செப்டம்பர் 1. தேதியைக் கேட்டதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேறு தேதி பாருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இந்த வேலையை வேறொருவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தோன்றவில்லை. லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் சிக்னல் இல்லை. பின்பக்கம், வேன் நின்ற இடத்தில் இரண்டு கோடு வந்தது. வேன் படியில் உட்கார்ந்து, போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு உள்ளே போனேன். 8:50க்கு ஜாப் நின்றது. கான்ஃபரன்ஸ் காலில் அங்கிருந்து நான்கு பேர், இங்கிருந்து இரண்டு பேர். மாமியார் இரண்டு தடவை வந்து, "மாப்ள, நேரம் ஆகுது" என்றார். கையைக் காட்டி அனுப்பினேன். மச்சான் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் அவள் அலறிய அலறல் வேன் வரைக்கும் கேட்டது. காலில் ஒருவர், "யார் பக்கமோ குழந்தை அழுகிறது, மியூட் செய்துகொள்ளுங்கள்" என்றார்.

மியூட் செய்தேன்.

நான் போவதற்குள் இரண்டு காதும் முடிந்து, பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கும் எரிச்சல் வருவது அதற்காக மட்டுமில்லை. அடுத்த வருடம் டெங்கு வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடமான ஒரு பெண்ணிடம் பில்லிங்கைக் கொடுத்தார்கள். "தப்பான ரெக்கார்டைத் தனி டேபிளில் ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்குப் போட்டுக்கொண்டே போனால் என்ன?" என்று அவர் கேட்டிருக்கிறார். ஒன்றரை நாளில் எழுதி முடித்துவிட்டார். ஒன்றரை நாள்! நான் மூன்று வருடம் ஒன்றாம் தேதிகளைக் கொடுத்துக் காப்பாற்றி வைத்திருந்த ரகசியம் அவ்வளவுதான். எனக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை அது. சரிசெய்துவிட்டால் என்னைக் கூப்பிட மாட்டார்களே என்று உள்ளுக்குள் எங்கோ இருந்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளவே எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அதனால் பதவியாவது உயர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. நடுவில் ஒரு நல்ல புது பிராஜெக்ட் வந்தது. கேட்டேன். "நீங்க போய்ட்டா பில்லிங்கை யார் பாக்குறது?" என்றார் மேனேஜர். வேறொருவர் போனார். இப்போது அவர் எனக்கு இரண்டு படி மேலே.

எங்கள் தொழிலில் பஸ் ஃபேக்டர் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் வேலை நின்றுபோகும் என்பது. எங்கள் பில்லிங்கில் அது ஒன்று. அடிபடக்கூட வேண்டாம், நான் ஊருக்குப் பஸ் ஏறினாலே போதும்.

இப்போது என் டீமில் சொல்வது இதுதான். ஒரே விஷயத்தைக் கையால் மூன்றாவது முறை சரிசெய்கிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டு புரோகிராமிலேயே சரிசெய்யுங்கள். அதற்கு நேரம் கேட்டு ஒரு டிக்கெட் (எழுத்தில் வேலைக் கோரிக்கை) போடுங்கள், தராவிட்டால் அந்த மறுப்பாவது எழுத்தில் இருக்கும். முடியாததைப் படிப்படியாக எழுதி வையுங்கள். எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லி, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் எழுத்து சரியில்லை. அப்புறம் அனுமதி. இது பலருக்குத் தோன்றாது. வழிமுறை எல்லாம் தெரிந்த ஆள் இருப்பார், ஆனால் வாடிக்கையாளர்களுக்காக ஓடும் அசல் சிஸ்டமான புரொடக்‌ஷனுக்குள் போக அவருக்கு அக்சஸ் இருக்காது. கேட்டால் கிடைக்கப் பத்து நாள் ஆகும். வளைகாப்புக்கு முதல் நாள் கேட்டால் வராது. விசேஷத்துக்கு ஒரு மாதம் முன்னால் ஏதாவது ஒரு சாதாரண புதன்கிழமை லீவ் போட்டு, லேப்டாப்பைத் தொடாமல் இருந்து பாருங்கள். என்னென்ன உடைகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

"தற்காலிகமாக" ஒரு ராத்திரி கால்

முடிவுத் தேதி இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னே வைக்கிறார்கள். நாம் வைப்பதில்லை. நியூயார்க் நேரம் காலை 11 மணி மீட்டிங்கை, "ராத்திரி எட்டரைதானே" என்று கோடையில் ஒப்புக்கொண்டால் நவம்பரில் அது ஒன்பதரை. யாரும் உங்களிடம் எதையும் கேட்கவில்லை, ஆனால் குழந்தை தூங்கும் நேரம் கையைவிட்டுப் போய்விட்டது.

இதில் நான் நான்கு வருடம் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். எதிர்முனை அம்மையார், "நான் எட்டு மணிக்கே வந்துவிடுவேன், எட்டரைக்கு வைத்துக்கொள்ளலாமே, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்றார். நமக்கு ஆறு மணி, குளிர்காலத்தில் ஏழு. எல்லா கிளையன்ட்டும் இப்படி இருக்க மாட்டார்கள்தான். ஆனால் கேட்டுப் பார்க்காமலே, ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று முடிவு செய்தது நான்.

"அஞ்சே நிமிஷம்"

நாற்பது நிமிடம் ஆகும் என்றால் நாற்பது என்றே சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் கணக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலை சாஃப்ட்வேர் ரிலீஸ்

வேண்டாம்.

இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கும் கடன்

சென்னை ஓஎம்ஆரில் ஃப்ளாட் பார்க்கும்போது வங்கிக்காரர் இருவர் சம்பளத்தையும் கூட்டித்தான் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்வார். அது வங்கியின் கணக்கு. உங்கள் கணக்கில் ஒரு சம்பளம் ஒரு வருடம் நின்றாலும் இஎம்ஐ போக வேண்டும். குழந்தை பிறக்கலாம், அப்பாவுக்கு அறுவை சிகிச்சை வரலாம், வேலையே போகலாம். எங்களுக்கு அப்படி ஒரு இஎம்ஐ இருந்ததால்தான், இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ஆறு மாதம் கூடுதலாக வீட்டில் இருக்க விரும்பிய மனைவி திரும்ப வேலைக்குப் போனார். அவர் அதை இப்போதும் சொல்லிக்காட்டுவதில்லை. சொன்னால் தேவலை.

விதிகளைப் படிக்காமல் வேலை மாறுவது

சம்பள உயர்வு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்கிறார்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. ஆனால் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்திலேயே 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். மாறும்போது இந்த 80 நாளை எண்ணிப் பார்க்காமல் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். 50 பேருக்குக் குறையாத நிறுவனம் என்றால் குழந்தைகள் காப்பகமும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதியும் தர வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள்.

அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியாரில் சட்டம் ஒன்றும் கிடையாது, நிறுவனம் பார்த்துக் கொடுத்தால் உண்டு. அதனால் ஆஃபர் கையெழுத்தாகும் முன் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பெற்றோருக்கு நிறுவனம் வழியாகக் காப்பீடு இருந்தால் அது பெரும்பாலும் கடைசி நாளோடு முடிந்துவிடும் என்பதையும் பாருங்கள். நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால், அந்த 90 நாள் முடியும் மாதத்தில் வீட்டில் என்ன விசேஷம் என்று காலண்டரையும் ஒரு பார்வை.

அந்தத் தம்பியிடம் லீவ் ஓகே, லேப்டாப் வேண்டாம், போவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றேன். முகம் சுண்டிவிட்டது. இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். முதல் இரண்டு படி நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதில், "பிறகு வழக்கம்போல் செய்யவும்" என்று இருந்தது.

யாருடைய வழக்கம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.