மேடையில் நடப்பது பந்தியிலும் தெரிய: கல்யாண மண்டபத்துக்கு ஒரு வயரிங் செய்முறை

போன வைகாசியில் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணம். மாடியில் மேடை, கீழே பந்தி. முட்டி வலியால் படியேற முடியாதவர்கள் கீழே டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கெட்டிமேளம் காதில் விழுந்தது, டிவியில் படம் வரவில்லை. பெண்ணின் அம்மிச்சி, பேத்திக்குத் தாலி ஏறியதைப் பார்க்காமலே எழுந்து போனார். காரணம் ஒன்றுதான்: 30 மீட்டருக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் (டிவிக்குப் படமும் சத்தமும் கொண்டுபோவது) இழுத்திருந்தார்கள். அந்தத் தவறு உங்கள் மண்டபத்தில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, அளவு எடுப்பது

எந்தப் பெட்டியும் வாங்குவதற்கு முன் டேப்பை எடுங்கள். கண்ணுக்குப் பதினைந்து மீட்டராகத் தெரியும் தூரம், கேபிள் சுவரேறி, பீமைச் சுற்றி, கீழே இறங்கும்போது முப்பதைத் தாண்டிவிடும். கேபிள் போகும் வழியிலேயே அளந்து, இரண்டு முனையிலும் இரண்டு மீட்டர் கூட்டி, ஒரு தாளில் படமாக வரைந்து எழுதுங்கள். கேமராவும் லேப்டாப்பும் எங்கே இருக்கும், டிவிகள் எங்கே வரும் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

எந்தப் பெட்டி?

ஒரு படம் பல டிவிக்குப் போக ஸ்பிளிட்டர். பல படங்களில் ஒன்றைத் தேர்ந்து ஒரு டிவிக்கு அனுப்ப ஸ்விட்சர். எந்தப் படமும் எந்த டிவிக்கும் போக மேட்ரிக்ஸ். வரவேற்புக்கு வெளி டிவியில் மணமக்கள் போட்டோ, பந்தி டிவியில் மேடை என்று தனித்தனியாக வேண்டுமானால்தான் மேட்ரிக்ஸ் தேவை. இல்லையென்றால் கேமராக்களை ஒரு ஸ்விட்சரில் சேர்த்து, அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிளிட்டர் வைத்தாலே போதும்.

கேபிள் இழுப்பது

இதில்தான் பொறுமை வேண்டும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 10 மீட்டருக்கு மேல் நான் நம்புவதில்லை. அதற்கு மேல் கேட் 6 கேபிளும் (இன்டர்நெட்டுக்குப் போடும் எட்டு வயர் கேபிள்), அதன் இரு முனைக்கும் படத்தைத் தூரம் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் பெட்டிகளும் போடுங்கள். எச்டிபேஸ்டி என்ற எக்ஸ்டெண்டர் வகையில் 1080பி (ஃபுல் எச்டி) படம் 70 மீட்டர் போகும் பெட்டியும் உண்டு, 100 மீட்டர் போவதும் உண்டு. பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். இந்தக் கேபிள் நேராகப் பெட்டிக்குப் பெட்டி போக வேண்டும். நடுவில் இன்டர்நெட் ஸ்விட்ச் எதிலும் செருகக் கூடாது.

கேபிள் முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவு, ஆனால் தூரம் தாங்காது. கணெக்டர் அடிக்கும்போது இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்காதீர்கள். ஒரு அடியாவது தள்ளித் தனிப் பைப் போடுங்கள். இழுக்கும்போதே உபரியாக இன்னொரு கேபிளும் இழுத்துவிடுங்கள். பூசிய சுவரை அப்புறம் உடைக்க யாருக்கும் மனசு வராது.

பந்திக்கூடம் தனிக் கட்டடமாக இருந்தால் செம்புக் கேபிள் வேண்டாம், ஃபைபர்தான். இரண்டு கட்டடத்து எர்த்தும் ஒன்றாக இருக்காது, இடி மின்னலும் பயம்.

டிவிகளில் ஒன்று 4கே, மற்றது பழையது என்றால் படம் விட்டுவிட்டு வரலாம். ஒவ்வொரு டிவியும் தனக்கு எது முடியும் என்று ஸ்பிளிட்டருக்குத் திருப்பிச் சொல்லி அனுப்பும், ஸ்பிளிட்டர் குழம்பிவிடும். எல்லாவற்றையும் 1080பி என்றே செட் செய்துவிடுங்கள், தாலி கட்டுவதைப் பார்க்க அது தாராளம்.

சத்தம்

கல்யாணச் சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் சீர் செய்யும்போது சொல்வதும், மங்கல வாழ்த்து பாடுபவரின் ஒவ்வொரு அடியும் பந்தியில் புரிய வேண்டும். மூலைக்கு ஒன்றாக இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி வைத்து அலறவிட்டால் சொல் புரியாது. சின்ன ஸ்பீக்கர்களைப் பரவலாக, மெதுவான சத்தத்தில் வையுங்கள். நீளமான லைனுக்கு 100 வோல்ட் முறை நல்லது: ஆம்ப்ளிஃபயர் உயர்ந்த வோல்ட்டில் அனுப்பும், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைத்துக்கொள்ளும். பந்தியில் 10 வாட்ஸில் எட்டு, திண்ணையில் 6 வாட்ஸில் நான்கு என்றால் மொத்தம் 104 வாட்ஸ். ஆம்ப்ளிஃபயரின் சக்தியில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது கணக்கு. அதனால் குறைந்தது 130 வாட்ஸ் வேண்டும், 160 வாங்கினால் நிம்மதி.

லைனில் 'உம்' என்ற இரைச்சல் வந்தால், ஆடியோ கேபிளின் நடுவில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த் பின்னைப் பிடுங்கி இரைச்சலை நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தண்ணீர் புழங்கும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

முந்தின நாள் சாயங்காலம்

கேபிளின் இரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். எல்லா டிவியையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு ஒருவர் மேடை மைக் முன்னால் நின்று கை தட்டட்டும், நீங்கள் பந்தியில் நின்று டிவியைப் பாருங்கள். கை சேர்வதற்கு முன்பே சத்தம் கேட்டால், படம் பின்தங்குகிறது. மைக் மிக்சரின் சத்தத்தையும் வீடியோ ஸ்விட்சருக்குள் கொடுத்து, படத்தோடு சேர்த்தே கீழே அனுப்பி, டிவி பக்கத்து எக்ஸ்டெண்டர் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு எடுங்கள். மறுபடி கை தட்டச் சொல்லுங்கள்.