கவுன்சலர் அறைக்குக் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள்: கலிஃபோர்னியா கம்யூனிட்டி கல்லூரியில் சேருகிறவர்களுக்கு

கல்லூரியின் படிப்பு ஆலோசகரான கவுன்சலரோடு என் முதல் சந்திப்புக்குக் கொடுத்த நேரம் முப்பது நிமிடம். பாளையங்கோட்டையில் நான் படித்த பி.காம். எத்தனை வருடப் படிப்பு, பாடத்தின் அளவைக் குறிக்கும் 'யூனிட்' என்ற சொல்லே என் மதிப்பெண் பட்டியலில் ஏன் இல்லை என்று விளக்குவதிலேயே இருபது நிமிடம் போய்விட்டது. மீதி இருந்த பத்து நிமிடத்தில், "நான் என்ன படிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டேன். எதிரே இருந்த கவுன்சலர் பொறுமையானவர். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவரிடம் என்ன விடை இருக்க முடியும்? ஊரில் அப்பா சொன்னதைப் படித்தவள் நான். இங்கேயும் யாராவது சொல்வார்கள் என்று நம்பிப் போயிருந்தேன். இரண்டு துண்டுப் பிரசுரங்களோடு திரும்பி வந்து, காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அது நடந்து ஏழு வருடமாகிறது. அதற்குப் பிறகு மாலை வகுப்புகளிலேயே கணக்கியல் சான்றிதழை முடித்தேன். என் மகனும் கம்யூனிட்டி கல்லூரி வழியாகத்தான் பல்கலைக்கழகம் போனான். ஃப்ரீமான்ட்டில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த தங்கைமார் என்னிடம் கேட்பதெல்லாம் இதைப் பற்றித்தான். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் 116 அரசு கம்யூனிட்டி கல்லூரிகள், அதாவது சான்றிதழும் இரண்டாண்டுப் பட்டமும் தரும் கல்லூரிகள், இருக்கின்றன. கல்லூரிக்குக் கல்லூரி சில நடைமுறைகள் மாறும், அடிப்படை ஒன்றுதான்.

முதலில், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கல்லூரிகளில் கவுன்சலர் என்பவர் பேராசிரியர்களுக்குச் சமமான ஆசிரியப் பதவியில் இருப்பவர், அதற்கென முதுகலைப் பட்டம் பெற்றவர். எந்தப் பாடத்தை எந்த வரிசையில் எடுப்பது, எந்தப் பட்டத்துக்கு எது தேவை, எங்கே மாறிப் போகலாம் என்பதெல்லாம் அவர் வேலை. கட்டணக் கேள்வியை அவரிடம் கொண்டுபோனால் உங்கள் நேரம்தான் வீணாகும். மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், வெளியார்க்கு அதைப் போலப் பல மடங்கு. நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று முடிவு செய்வது அட்மிஷன்ஸ் அலுவலகம். எச்-4 இல் இருப்பவரும் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே குடியிருந்ததற்கான ஆதாரங்களைக் காட்டி மாநிலவாசிக் கட்டணம் பெற வழி உண்டு. அந்த ஆதாரங்களை அட்மிஷன்ஸ் ஜன்னலில் கொடுங்கள். விசாக் கேள்விகளுக்குக் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். வீட்டில் எச்-4 பிள்ளை இருந்தால், 21 வயதில் அந்த நிலை முடிந்துவிடும் என்பதை மனதில் வைத்து, படிப்புத் திட்டம் போடும்போதே அந்த வக்கீலிடமும் பேசிவிடுங்கள்.

எப்போது போவது? ஆகஸ்ட் நடுவிலும் ஜனவரியிலும் போகாதீர்கள். செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் அந்த வரிசை ரேஷன் கடையில் சர்க்கரை வந்த நாள் போல இருக்கும். அப்போது முன்பதிவு இல்லாத 'டிராப்-இன்' சந்திப்பு மட்டுமே கிடைக்கும், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க அது போதும், வாழ்க்கையைத் திட்டமிடப் போதாது. அக்டோபரிலோ மார்ச்சிலோ முழு நேரச் சந்திப்புக்கு முன்பதிவு செய்யுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஓரியன்டேஷன் என்ற அறிமுக வகுப்பையும் கல்வித் திட்டத்தையும் முடித்துவிட்டால் பாடப் பதிவில் முன்னுரிமை கிடைக்கும். மாலை வகுப்பில் இடம் பிடிக்க அது எவ்வளவு முக்கியம் என்பது கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

இனி, கையில் என்ன கொண்டுபோவது. இந்தியாவில் கல்லூரி முடித்தவர்கள் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனால் மட்டும் போதாது. உங்கள் பழைய பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள, அவற்றை அமெரிக்க யூனிட்டுகளாகவும் கிரேடுகளாகவும் மாற்றிக் கொடுக்கும் நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். டபிள்யூஇஎஸ் போன்றவை அதைச் செய்கின்றன. எந்தெந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்ற பட்டியல் உங்கள் கல்லூரியிடமே இருக்கும், பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். விண்ணப்பிக்கும்போது 'பாடவாரி' மதிப்பீட்டையே கேளுங்கள். விலை குறைவு என்று பொது மதிப்பீட்டை வாங்கினால், "இவர் ஒரு பட்டதாரி" என்ற ஒரு வரி மட்டும்தான் வரும். எந்தப் பாடத்துக்கு எத்தனை யூனிட் என்று அதில் இருக்காது, திரும்பவும் பணம் கட்ட நேரிடும்.

இதற்காக உங்கள் பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டியிருக்கும். என் அண்ணன் எனக்காகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தான். மூன்று மாதம் ஆனது. ஆகவே கல்லூரியில் சேர முடிவு செய்த அன்றைக்கே ஊருக்குப் போன் போடுங்கள். முடிந்தால் பழைய பாடத்திட்டப் புத்தகத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்திருக்கிறேன், நேரடியாக அடுத்த நிலைக்கு விடுங்கள்" என்று கேட்கும்போது, பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து யாரும் சம்மதிக்க மாட்டார்கள். உள்ளே என்ன நடத்தினார்கள் என்று காட்ட வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பழைய நாட்களில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஒரு தேர்வு வைத்து, அதில் தவறியவர்களைக் கீழ்நிலை வகுப்புகளில் வருடக்கணக்கில் உட்கார வைத்தார்கள். 2017 இல் வந்த ஏபி 705 என்ற சட்டம் அந்தக் கதவைப் பெருமளவு திறந்துவிட்டது. இப்போது நேரடியாகக் கல்லூரி நிலை ஆங்கிலத்தில் சேரலாம், அல்லது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று கவுன்சலரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். "பேசுவது புரிகிறது, கட்டுரை எழுத வரவில்லை" என்று சொல்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை. நான் மறைத்தேன். அதனால் முதல் செமஸ்டர் முழுக்க இரவு இரண்டு மணிவரை கட்டுரையோடு போராடினேன்.

அறைக்குள் போனதும் என்ன கேட்பது? மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். 'எனக்கு என்ன நல்லது?' என்பது கேள்வியே இல்லை. 'என்னிடம் இந்தியப் பட்டம் இருக்கிறது, ஒன்றரை வருடத்துக்குள் கணக்கர் வேலைக்குப் போக வேண்டும், வாரத்தில் இரண்டு மாலைகள்தான் ஒழியும், எந்தச் சான்றிதழ் பொருந்தும்?' என்பது கேள்வி. ஏற்கெனவே பட்டம் உள்ளவர்களுக்கு இன்னொரு பட்டம் தேவைப்படாமலே போகலாம். பி.காம். முடித்த பலர் சி.பி.ஏ. என்ற கணக்காளர் உரிமத்துக்குக் குறையும் கணக்கியல் பாடங்களை மட்டும் இங்கே எடுத்து நிரப்பிக்கொள்கிறார்கள்.

சந்திப்பு முடியும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது கல்வித் திட்டம். செமஸ்டர் வாரியாக எந்தெந்தப் பாடம் என்று கவுன்சலர் கணினியில் பதிந்து தரும் அட்டவணை அது. அதை வாங்காமல் எழுந்து வராதீர்கள். நான் வாய்வார்த்தையை நம்பிப் புள்ளியியல் பாடம் ஒன்றை எடுத்தேன். நான் முடிக்க வேண்டிய சான்றிதழுக்கு வேறு எண்ணுள்ள பாடம் வேண்டும் என்று செமஸ்டர் முடிந்த பிறகுதான் தெரிந்தது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் வீட்டுக்கு வந்த கையோடு கவுன்சலருக்கு மின்னஞ்சல் எழுதிவிடுவேன்: இன்று பேசியது இது, நான் எடுக்கப்போவது இந்தப் பாடங்கள், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள் என்று. இரண்டு முறை அவர் திருத்தியிருக்கிறார். நீங்கள் சேர்ந்த வருடத்தின் பாடக் கையேட்டையும் சேமித்து வையுங்கள். இடைவெளி விடாமல் படித்தால், பின்னால் விதிகள் மாறினாலும் பொதுவாக அந்தக் கையேட்டின் விதிப்படியே கல்லூரிப் பட்டத்தையோ சான்றிதழையோ முடிக்கலாம்.

பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போக நினைப்பவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தை நீங்களே திறந்து பாருங்கள். உங்கள் கல்லூரி, போக விரும்பும் பல்கலைக்கழகம், துறை, வருடம் ஆகியவற்றைக் கொடுத்தால், இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடமும் வலப்பக்கம் அதற்கு இணையான உங்கள் கல்லூரிப் பாடமும் வரும். இணை இல்லையென்றால் அதையும் சொல்லிவிடும். யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), சிஎஸ்யு (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கு மட்டும்தான் இது. தனியார் பல்கலைக்கழகங்களின் பட்டியலை அவர்களிடமே பெற வேண்டும். நான்கு பல்கலைக்கழகங்களின் பக்கங்களை அச்செடுத்து, எல்லாவற்றிலும் பொதுவாக வரும் பாடங்களுக்கு மஞ்சள் பூசிக் கவுன்சலர் முன் வைத்தான் என் மகன். அந்த அரை மணி நேரத்தில் அவனுக்குக் கிடைத்தது எனக்கு ஒரு வருடத்தில்கூடக் கிடைக்கவில்லை.

யூசியின் ஒன்பது இளங்கலை வளாகங்களில் ஆறு, சில நிபந்தனைகளோடு இடத்தை உறுதி செய்து தருகின்றன: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ். இதை 'டேக்' என்பார்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் இல்லை. ஒரு வளாகத்துக்கு மட்டுமே டேக் போடலாம், அதுவும் செப்டம்பர் மாதத்துக்குள். அதன் பிறகு வழக்கமான விண்ணப்பத்தையும் தவறாமல் போட வேண்டும். நம் பிள்ளைகள் பலர் விரும்பும் கணினி அறிவியலுக்குச் சில வளாகங்கள் டேக் தருவதில்லை. 'டேக் இருக்கிறதே' என்று நிம்மதியாக இருந்துவிடாமல், துறையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சிஎஸ்யு பக்கம் 2010 ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த, பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கென்றே கம்யூனிட்டி கல்லூரி தரும் பட்டம் ஒன்று இருக்கிறது. அதை முடித்தால் அந்த அமைப்பில் எங்கேயாவது ஓர் இடம் உறுதி, நீங்கள் விரும்பும் வளாகத்தில்தான் கிடைக்கும் என்பதில்லை. பொறியியலுக்குப் போகிறவர்கள் பொதுப் பாடங்களைச் சற்றுப் பின்னால் தள்ளினாலும், கால்குலஸையும் இயற்பியலையும் முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாக வரும் பாடங்கள் அவை.

பெற்றோர்களே, பிள்ளையோடு அறைக்குள் போகாதீர்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டால், வயது 17 ஆக இருந்தாலும், படிப்பு விவரங்கள் மாணவருக்கே சொந்தம். 1974 இல் வந்த ஃபெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டம் அது. பிள்ளை எழுதிச் சம்மதித்தால் ஒழிய நாம் போன் செய்து கேட்டாலும் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது. ஆனால் வெளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே என் மகன் தன் வாயால் பேசுவது கண்ணாடி வழியே தெரிந்தது. வீட்டில் அவன் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

வேலை வழிகாட்டும் மையம் பெரும்பாலும் தனி அறையில், தனி ஆட்களோடு இருக்கும். அங்கே போகும் முன் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 'ஓநெட்' தளத்தில் இருக்கும் அறுபது கேள்வி ஆர்வச் சோதனையைச் செய்து, முடிவை அச்செடுத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான். உங்கள் பயோடேட்டாவையும் கொண்டுபோங்கள், அவர்கள் திருத்தட்டும். என்னுடையதில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவர் என்ற வரி, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் எல்லாம் இருந்தன. இங்கே அவற்றில் ஒன்றுகூட வேண்டியதில்லை. எட்டு வருடம் பிள்ளை வளர்த்த இடைவெளியை எப்படி எழுதுவது என்று தயங்கினேன். கோயில் விழாக் கணக்குகளை நான் பார்த்து வந்ததைப் பேச்சுவாக்கில் சொன்னபோது, அந்த ஆலோசகர் பேனாவை எடுத்து அதைத் தன்னார்வப் பணியாக, மாதம் வருடத்தோடு எழுதச் சொன்னார். வேலை அனுமதி இல்லாத எச்-4 காரர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சம்பளம் வரும் இன்டர்ன்ஷிப்போ வளாக வேலையோ உங்களால் ஏற்க முடியாது.

கடைசியாக, மதிப்பெண் சரியும்போதும் கவுன்சலரிடம் போங்கள். சென்ற வருடம் நம் தமிழ்ப் பள்ளித் தாய் ஒருவர், மாமியார் மருத்துவமனையில் இருந்ததால் பத்து வாரத்தில் பாதி வகுப்புகளைத் தவறவிட்டிருந்தார். இனி யார் முகத்தில் விழிப்பது என்று சொல்லாமலே நின்றுவிட இருந்தார். அப்படி நின்றிருந்தால் தோல்வி என்று 'எஃப்' விழுந்திருக்கும். செமஸ்டரில் முக்கால் பங்கு முடியும் வரை முறைப்படி விலகலாம், அப்போது பதிவேட்டில் 'டபிள்யூ' மட்டுமே வரும், சராசரியைத் தொடாது. நான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கவுன்சலர் அறை வாசலில் விட்டேன். கடைசித் தேதிக்கு நான்கு நாள் மீதி இருந்தது. அதே பாடத்தை அடுத்த வசந்த செமஸ்டரில், செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் அவர் மறுபடி எடுத்தார்.