முட்டைப் பூச்சுச் சுவரிலும் பர்மா தேக்கிலும் ஓட்டை போடுவது எப்படி? பேட்டரி டிரில் புதிதாக வாங்கியவர்களுக்கு

பேட்டரி டிரில் வாங்கிய கையோடு பலரும் செய்வது ஒன்றுதான்: சுத்தியல் படம் போட்ட இடத்துக்கு வளையத்தைத் திருப்பி, சுவரில் வைத்து ஒரே அழுத்து. கான்கிரீட் தூணாக இருந்தால் சரி. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடாக இருந்தால் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து காலடியில் விழும். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த அந்த வழுவழுப்பைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் சுற்றிக்கொண்டே இடிக்கும் அந்த ஹாம்மரைக் கடைசியாகத்தான் தொடப்போகிறோம்.

மெஷினைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் 18 வோல்ட், ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று இரண்டு பெட்டிகள் காட்டுவார்கள். இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பது ஐந்து லித்தியம் செல். முழுச் சார்ஜில் செல்லுக்கு 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், வேலை செய்யும்போது சராசரி 3.6. பெரிய எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மரமும் சுண்ணாம்புச் சுவரும் மட்டும் என்றால் 12 வோல்ட்டே போதும். கான்கிரீட்டும் உண்டு என்றால் ஹாம்மர் உள்ள 18 வோல்ட் வாங்குங்கள்.

முன்னால் பிட்டை, அதாவது துளை போடும் கம்பியைக் கவ்வுவது சக். அதன் பின்னால் எண்கள் போட்ட வளையம் கிளட்ச்: ஸ்க்ரூ போதுமான அளவு இறுகியதும் சுற்றை விட்டுவிடும். மேலே 1, 2 என்று கியர். 1 என்றால் மெதுவாக, ஆனால் பலமாகச் சுற்றும்: ஸ்க்ரூ முடுக்கவும் பெரிய ஓட்டைக்கும். 2 வேகமானது: சின்ன ஓட்டைக்கு. மெஷின் நின்ற பிறகுதான் கியரை மாற்ற வேண்டும், ஓடும்போது மாற்றினால் பல்சக்கரம் தேயும். டிரிகருக்கு மேலே உள்ள குறுக்குப் பொத்தான் சுற்றும் திசையை மாற்றும். அதை நடுவில் நிறுத்தினால் டிரிகர் வேலை செய்யாது. பிட் மாற்றும்போது நடுவில் வைக்கலாம், பேட்டரியைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது.

உடுப்பு

தொங்கும் துப்பட்டா, தளர்ந்த முந்தானை, நீண்ட சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. வேட்டி கட்டியிருந்தால் மடித்து இறுக்கிச் செருகுங்கள். துணிக் கையுறை பாதுகாப்பு என்று நினைப்பார்கள், சுற்றும் பிட் அதன் நூலைப் பிடித்தால் விரலும் சேர்ந்து போகும். கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்புத் தூசி கண்ணில் விழுந்தால் எரியும், செங்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அதனால் முகக்கவசமும் வேண்டும்.

பிட் மாட்டுவது

சக்கின் மூன்று தாடைகளுக்கும் நடுவில் பிட் நிற்க வேண்டும். மெல்லிய பிட் இரண்டு தாடைகளுக்கு இடையில் சாய்ந்து மாட்டிக்கொள்வது வழக்கம். இறுக்கியதும் சுவரைத் தொடாமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். முனை வட்டம் போட்டு ஆடினால் கழற்றி மாட்டுங்கள், இல்லையென்றால் 6 மி.மீ. ஓட்டை 7 ஆகிவிடும்.

மரத்துக்கும் இரும்புக்கும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட், சுவருக்கு நுனியில் கார்பைடு என்ற மிகக் கடினமான துண்டு வைத்த பிட். மர பிட்டைச் சுவரில் போட்டால் அரை நிமிடத்தில் மொட்டையாகும். பிட் இறங்காமல் புகை மட்டும் வந்தால் முதலில் திசைப் பொத்தானைப் பாருங்கள். பெரும்பாலும் அது பின்பக்கச் சுற்றில் இருக்கும்.

பழைய சுவர்

முதலில் விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளல் சத்தம் வந்தால் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். அங்கே எந்த டிரில்லும் வேண்டாம், ஒரு முழம் தள்ளிப் பாருங்கள்.

அடுத்தது ஒயர். பழைய வீடுகளில் சுவர்மேல் அடித்த மரச்சட்டத்துக்குள் ஓடும் ஒயர் கண்ணுக்குத் தெரியும். பிறகு புதுப்பித்தபோது சுவருக்குள் பதித்த பைப் தெரியாது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். கரண்ட் இல்லாமல் ஓடும் மெஷின்தானே கையில் இருக்கிறது!

இடம் முடிவானதும் அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பில் பெருக்கல் குறி போடுங்கள். டேப் ஓரச் சிதறலைக் குறைக்கும், பிட் வழுக்காமலும் பார்த்துக்கொள்ளும். ஹாம்மர் இல்லாமல், வளையம் டிரில் படத்தில் இருக்க, 4 மி.மீ. சுவர் பிட்டால் மெதுவாகத் தொடங்குங்கள். சுவருக்குச் செங்குத்தாக, இரண்டு கையாலும் பிடியுங்கள். ஒரு செ.மீ. இறங்கியதும் வெளியே இழுத்துத் தூசியைத் தள்ளி, மறுபடி உள்ளே விடுங்கள். தூசி அடைத்தால்தான் பிட் சூடேறி மாட்டும்.

விழும் தூசியைக் கவனியுங்கள். வெள்ளை பூச்சு. சிவப்பு வந்தால் செங்கல்லுக்குள் போய்விட்டீர்கள், அதுதான் வேண்டும். ஐந்து செ.மீ. போயும் வெள்ளையாகவே உதிர்ந்தால் இரண்டு செங்கல்லுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தில் இறங்கியிருக்கிறீர்கள். அங்கே பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் உறை) நிற்காது, இரண்டு விரற்கடை தள்ளிப் போடுங்கள். சாம்பல் நிறத் தூசி வந்து பிட் நகரவே மறுத்தால் அது பிற்காலத்தில் போட்ட கான்கிரீட். ஹாம்மரை இப்போது போடலாம். பளபளக்கும் இரும்புத் துகள் தெரிந்தால் கம்பி: நிறுத்திவிடுங்கள்.

சிவப்பு வந்த பிறகு பெரிய பிட்டுக்கு மாறலாம். வழக்கமாக 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட். பழைய செங்கல் மென்மையானது என்பதால் 7 மி.மீ. ஓட்டை போட்டுப் பிளக்கைத் தட்டி இறக்கினால் கெட்டியாக நிற்கும். பூச்சின் கனத்தையும் கணக்கில் சேர்த்து நீளமான பிளக் வாங்குங்கள். பூச்சில் மட்டும் நிற்கும் பிளக், மாட்டிய படத்தோடு சேர்ந்து கீழே வரும். ஆழம், பிளக் நீளத்துக்கு மேல் ஒரு செ.மீ. அந்த இடத்தில் பிட்டில் டேப் சுற்றிக்கொண்டால் அளவு தவறாது.

தேக்கு

வேலைப்பாடு செய்த நிலைவாசலில் ஓட்டை போடாதீர்கள் என்றே சொல்வோம். மாவிலைத் தோரணத்துக்குப் பழைய ஆணித் துளை ஏதாவது இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஜன்னல் சட்டம், அலமாரி என்றால் செய்யலாம்.

வழித்துளை, அதாவது ஸ்க்ரூவைவிட மெல்லிய முன்துளை போடாமல் தேக்கில் ஸ்க்ரூ முடுக்கினால் ஓரம் பிளக்கும், அல்லது தலை முறிந்து உடல் உள்ளே தங்கும். 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. வழித்துளை. ஸ்க்ரூவின் மரைமேல் (சுருள் வரிமேல்) மெழுகுவத்தியைத் தேயுங்கள். சோப்பும் வழுக்கும்தான், ஆனால் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கச் செய்யும். பித்தளை ஸ்க்ரூ என்றால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முடுக்கி, கழற்றி, பிறகு பித்தளையைப் போடுங்கள். பித்தளை மென்மையானது, மரத்தில் மரை வெட்டும் பாரம் தாங்காது. தேக்கில் சிலிக்கா உண்டு, பிட் முனை சீக்கிரம் மழுங்கும்.

முடுக்க கியர் 1, கிளட்ச் 5-இலிருந்து தொடங்கி ஏற்றுங்கள். ‘கட கட’ சத்தம் கேட்டால் மெஷின் கெடவில்லை, போதும் என்று கிளட்ச் விடுகிறது. ஸ்க்ரூ தலை மரத்தோடு படியவில்லை என்றால் ஒரு எண் கூட்டுங்கள். முடுக்கும் பிட் ஸ்க்ரூ தலையில் வழுக்கினால் அளவு சரியில்லை அல்லது அழுத்தம் போதவில்லை. கூட்டல் குறித் தலைக்குப் பெரும்பாலும் பி.எச்.2 என்ற அளவு பிட் பொருந்தும்.

ஆத்தங்குடிக் கல்

இது சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிமேல் வார்த்து, நீரில் ஊறவைத்து இறுக்கிய சிமெண்டுக் கல், வண்ணம் மேலே மெல்லிய அடுக்கு மட்டுமே. ஹாம்மர் பட்டால் விரிசல் ஓரம் வரை ஓடும். கதவுத் தடுப்பு வைக்கத்தான் வேண்டும் என்றால் ஓரத்திலிருந்து குறைந்தது 2 செ.மீ. உள்ளே, கூரான சுவர் பிட், கியர் 1, சொட்டுத் தண்ணீர்.  வளவுச் (உள்முற்றத்துச்) சுவரில் பழைய வெளிநாட்டுப் பளபள ஓடு பதித்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

பேட்டரி

சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜரில் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, ஈரமில்லாத நிழலில் வையுங்கள்.